வாங்க ஆளில்லாத பத்திரம்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவளை அலமாரியக்கா என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தின் பின்னறையில், ஜன்னலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் நிற்கிற பச்சை இரும்பு அலமாரி அவள் பொறுப்பு. அதன் கதவை நேராக இழுத்தால் வராது. இடுப்பால் ஒரு இடி இடித்து, கைப்பிடியைச் சற்றே தூக்கிக்கொடுத்து இழுக்க வேண்டும். அலமாரிக்கும் அக்காவுக்கும் நடுவில் அப்படி ஒரு உடன்பாடு.

வீடு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிறவர்கள் எல்லாரும் முன்னறையில் பதிவாளர் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் உருட்டி எடுப்பார்கள். பிறகு பத்திரத்தில் உள்ளதை உள்ளபடியே பெரிய புத்தகத்தில் ஏற்றுவார்கள். ஏற்றி முடிந்ததும் மூலப் பத்திரம் அக்காவின் ஜன்னலுக்கு வரும். உரியவர் ரசீதைக் காட்டி, மறுபடியும் அதே பெருவிரலை வைத்து அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

பெரும்பாலானவர்கள் மை காய்வதற்குள் ஓடி வந்துவிடுவார்கள். வராதவர்களும் உண்டு. அவர்கள் பத்திரங்கள்தான் அலமாரிக்குள் போகும். ரசீதைத் தொலைத்துவிட்டுத் திட்டுக்குப் பயந்து வராதவர்கள் சிலர். பத்திரம் யார் கையில் இருப்பது என்று அடித்துக்கொண்டு, கடைசியில் ‘யார்கிட்டயும் வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும்’ என்று ஒத்துப்போன அண்ணன் தம்பிகள் சிலர். ஒரு மனிதர் மனைவிக்குத் தெரியாமல் மனை வாங்கிவிட்டு, பத்திரத்தை வீட்டில் எங்கே ஒளிப்பது என்று புரியாமல் அலமாரியிலேயே விட்டு வைத்திருந்தார். அவ்வப்போது ஜன்னலுக்கு வந்து, “நல்லா இருக்காம்மா?” என்று பிள்ளையை விடுதியில் விட்டவர்போல விசாரித்துவிட்டுப் போவார்.

காலையில் அலமாரியைத் திறக்கும்போது அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். ‘கடவுளே, இதெல்லாம் அவங்கவங்க கைக்குப் போய்ச் சேரணும்’ என்பதுதான் வேண்டுதல். தனக்கென்று அந்த இடத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை.

அப்படி ஒரு காலையில் பதிவாளர் பின்னறைக்கு வந்தாள். சின்ன வயதுப் பெண். அக்காவுக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

“அக்கா, மேலேயிருந்து உத்தரவு வந்திருக்கு. ரொம்ப காலமா யாரும் வாங்காத பத்திரத்தையெல்லாம் இந்த மாசக் கடைசியில அழிச்சிடணுமாம்.”

“அழிக்கிறதுன்னா எப்படி மேடம்?”

“எரிக்கிறதுதான்.”

“மேடம், அது ஒருத்தரோட வீடு மேடம்.”

“எல்லாருக்கும் நோட்டீஸ் போயிருக்கு அக்கா. வாங்க வரலேன்னா நாம என்ன பண்ண முடியும்?”

“நான் வேணா வேலை முடிஞ்சு போற வழியில ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டுப் போறேனே.”

“எல்லார் வீடும் உங்க வழியிலயா இருக்கு?” என்று பதிவாளர் சிரித்தாள். “போங்க. ஆனா பத்திரத்தை வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது. தெரியும்ல?”

“ஐயோ, தொடமாட்டேன் மேடம். வாயை மட்டும்தான் எடுத்துட்டுப் போவேன்.”

“அது போதும். அதுக்கே கதவு திறந்திடும்.”

அன்றிலிருந்து அக்கா மாலையில் ஒரு துண்டுத் தாளில் முகவரியை எழுதிக்கொண்டு கிளம்பினாள். சில வீடுகளில் ஆள் மாறியிருந்தார்கள். சில வீடுகளில் நாய் துரத்தியது. ரசீதைத் தொலைத்தவர்கள் அவள் காலில் விழாத குறையாக நன்றி சொல்லி மறுநாளே வந்து வாங்கிப் போனார்கள். அலமாரியின் மேல்தட்டு காலியானபோது அக்காவுக்குப் பிரசவம் பார்த்து முடித்தாற்போல ஒரு நிம்மதி.

மிச்சம் இருந்ததில் ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. மற்ற நோட்டீசுகள் ‘ஆள் இல்லை’, ‘வீடு மாறிவிட்டார்’ என்று திரும்பியிருந்தன. இதற்கு அனுப்பிய ஒவ்வொன்றிலும் தபால்காரர் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருந்தார். அது ஒரு விடுதலைப் பத்திரம். அப்பா விட்டுப்போன வீட்டில் தனக்குள்ள பாதியை, ஒரு தங்கை தன் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து எழுதியது. சும்மா கிடைக்கிற பாதி வீட்டை வேண்டாமென்று தள்ளுகிற மனிதரும் உலகத்தில் உண்டா? அக்கா அந்த முகவரியை எழுதிக்கொண்டாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. அக்கா சந்து வழியாக வந்ததால் பின்கதவில் எழுதியிருந்த எண்தான் முதலில் கண்ணில் பட்டது. தட்டினாள். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்த ஒரு பெண் திறந்தாள். அக்கா வயதுதான். தோளில் அளவு நாடா தொங்கியது. உள்ளே ஒரு தையல் மெஷின், அதைச் சுற்றிலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற தலையணை உறைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

“இந்த வீட்டுக்காரங்க யாரும்மா?” என்றாள் அக்கா.

“முன்பக்கம் போங்க. சுத்திக்கிட்டுத்தான் போகணும். நடுவுல சுவர்.”

“எண் இதேதான் போட்டிருக்கு.”

“எண் ஒண்ணுதான். வீடு அவரோடது. நான் பின்னாடி ஒரு ஓரமா இருக்கேன், அவ்வளவுதான்.”

“அவர்னா?”

“கூடப் பொறந்தவர்” என்றாள் தையல்காரி. அண்ணன் என்கிற சொல்லைச் சொல்லி நீண்ட காலம் ஆகியிருக்கும்போல. வாய் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று.

தையல்காரி கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே அக்கா அறையைப் பார்த்தாள். துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. முகம் பார்க்கிற கண்ணாடி தரையில் சுவரோடு சாய்ந்து நின்றது. காலண்டர் ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டியிருந்தது. அப்பாவின் படம் இரும்புப் பெட்டியின் மேல் செங்கல்லை முட்டுக்கொடுத்து நின்றிருந்தது. தலை சீவ வேண்டுமென்றால் இந்த மனுஷி தரையில் உட்கார வேண்டும்.

வந்த விஷயத்தை அக்கா அங்கே சொல்லவில்லை. பத்திரம் யாருக்கு உரியதோ அவரிடம் மட்டும்தான் பேச வேண்டும் என்பது ஜன்னல் வழக்கம். நன்றி சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

அங்கே ஒரு பெரிய உடம்புக்காரர் சாய்வு நாற்காலியில் இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசும்போதுகூட ஹாரன் அடிக்கிற மாதிரிதான் பேசினார்.

“பதிவு ஆபீஸா? வேண்டாம்னுதானே ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புறேன். இப்ப ஆளையே அனுப்ப ஆரம்பிச்சுட்டீங்களா?”

“ஐயா, கோபப்படாதீங்க. மாசக் கடைசிக்குள்ள வாங்கலேன்னா எரிச்சிடுவாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எரிக்கட்டும்! நல்லா எண்ணெய் ஊத்தி எரிக்கச் சொல்லுங்க. நெருப்புப் பெட்டி இல்லேன்னா நான் வாங்கித் தர்றேன்.”

“ஐயா, உங்க தங்கச்சி உங்களுக்கு எழுதிக் கொடுத்த பாதி வீடு அது.”

“அதனாலதாம்மா வேண்டாங்கிறேன்” என்றார். ஹாரன் தணிந்தது. “அப்பா போனதும் ஒரு மழைக்கு வீடு ஒழுகிச்சு. என் வீட்டுக்காரி வாயை வச்சுக்கிட்டு இருக்காம, ‘பங்குன்னா ஆளு உண்டு, செலவுன்னா ஆளைக் காணோம்’னு ஒரு வார்த்தை விட்டுட்டா. என் தங்கச்சிக்கு மூக்கு நுனியில ரோஷம். நேரா போய்ப் பத்திரம் எழுதிட்டா. பதிவுக்கு நான் போகலேன்னா அண்ணன் பயந்துட்டான்னு ஆயிடும்ல? எனக்கும் கோபம். போனேன், விரலை வச்சேன். வெளியே வந்ததும் நெஞ்சு கேக்கல. ரசீதைக் கிழிச்சு உங்க ஆபீஸ் வாசல்லயே போட்டுட்டு வந்தேன். கூடப் பொறந்தவ பங்கைத் தின்னா எனக்குச் செரிக்குமா?”

“அதான் வாங்காம விட்டுட்டீங்களா?”

“பத்திரம் என் கைக்கு வரலேன்னா அவ பாதி அவளுக்குத்தானே! அவ பங்கு தனியா, சுத்தமா இருக்கட்டும்னு என் செலவுல நடுச்சுவரும் கட்டிக் கொடுத்தேன். அன்னையிலருந்து பேச்சை நிறுத்திட்டா. பங்கு கையில இருக்கு, அண்ணன் எதுக்கு?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “சத்தம் போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? அடுத்த வாரம் நெஞ்சைத் திறக்கப் போறாங்க, இங்க வாயைத் திறந்து வச்சுக்கிட்டு இருக்கீங்க!”

அக்கா கையெடுத்துக் கும்பிட்டு விடைபெற்றாள். வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது. உடன்பிறந்தவள் பங்கு வேண்டாமென்று, சொல்லாமல் கொள்ளாமல் இத்தனை வருஷம் ஒரு மனுஷன் இருந்திருக்கிறாரே. நல்ல மனதைக் கடவுள் எந்தச் சட்டைக்குள் ஒளித்து வைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் மண்ணெண்ணெய்த் துணியால் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீடுகளுக்குச் சாயம் அடிப்பது அவன் தொழில். அன்று நீலம்.

“வந்துட்டியா? ஊர்ப் பத்திரத்தையெல்லாம் ஊர் கையில சேர்க்கிற மகராசி, என் சட்டையை மட்டும் எங்க வச்சேன்னு சொல்ல மாட்டேங்கிறே.”

“உங்க முதுகுலதான் இருக்கு” என்றாள் அக்கா. அவன் திரும்பிப் பார்த்து அசடு வழிந்தான்.

சாப்பிடும்போது முழுக்கதையையும் சொன்னாள். “ஒரு பத்திரம் எரியப் போகுதுன்னு நான் சந்தோஷப்படறது இதுதாங்க முதல் தடவை. எரிஞ்சா அந்தத் தங்கச்சிக்குப் பாதி வீடு நிலைச்சிடும்” என்று முடித்தாள். பேச்சுவாக்கில் தரையில் நின்ற கண்ணாடியையும் கம்பியில் கட்டிய காலண்டரையும் சொன்னாள்.

கணவன் மெல்லுவதை நிறுத்தினான். “அந்தப் பொம்பளை சுவத்துல ஆணியே இல்லையா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப நீ சொல்றது சரியா வரலையே. நான் எத்தனை வீட்டுச் சுவத்தைச் சுரண்டியிருக்கேன். சொந்த வீட்டுக்காரன் சுவர் சல்லடை மாதிரி இருக்கும். வாடகைக்காரன்தான் ஆணிக்குப் பயப்படுவான். அந்தம்மா மனசுல அது அவங்க வீடே இல்லடி. நம்ம வீட்டையே பாரு.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் குடியிருந்த வாடகை அறையிலும் துணிக்கொடியை ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் பதிவாளர் நாற்காலியில் உட்காருவதற்குள் அக்கா போய் நின்றாள். “மேடம், ஒருத்தர் பத்திரத்தைக் கடைசிவரைக்கும் வாங்கவே இல்ல, அது எரிஞ்சும் போச்சுன்னா, அந்தச் சொத்து பழையபடி எழுதிக் கொடுத்தவங்களுக்கே போயிடும்ல?”

“யார் சொன்னது?” என்றாள் பதிவாளர். “புத்தகத்துல ஏறின அன்னைக்கே முடிஞ்சுபோச்சு அக்கா. நம்ம கையில இருக்கிறது வெறும் தாள். எரிச்சாலும், கிழிச்சாலும், தண்ணியில போட்டாலும் புத்தகத்துல இருக்கிறது இருக்கிறதுதான்.”

“அப்ப தங்கச்சி அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த அந்த விடுதலைப் பத்திரத்து வீடு?”

“முழுக்க அந்த அண்ணன் பேர்ல. பல வருஷமா.”

இத்தனை காலம் அந்த அலமாரியைக் காத்தவளுக்கே அது தெரியாமல் போயிற்று. தாள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வீடும் இருக்கிறது என்று அவளும் நம்பியிருந்தாள். தங்கைக்காகத்தான் அண்ணன் பத்திரத்தை வாங்காமல் இருந்தார் என்பதையும், அவருடைய ஆபரேஷனையும் சொன்னாள்.

பதிவாளரின் முகம் மாறியது. “அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா முழு வீடும் அவர் மனைவி மக்களுக்குப் போயிடும். அந்தத் தங்கச்சிக்கு ஒரு செங்கல்கூட இல்ல. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு அப்புறம் யார்கிட்ட கேக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வரச் சொல்லுங்க. இந்தப் பத்திரத்தை வாங்கிக்கிட்டு, பாதியைத் தங்கச்சி பேருக்குத் தானமா எழுதி வைக்கட்டும். நான் காலையிலயே எடுத்துக்கிறேன், காத்திருக்க வேண்டாம்.”

அன்று மாலை அந்த வீட்டுப் படியேற அக்காவுக்குக் கால் கூசியது. நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுத்திருக்கிற மனிதரை எழுப்பி, நீங்கள் செய்தது நல்லதில்லை என்று எப்படிச் சொல்வது? ‘கடவுளே, என் வாயில நீ இரு’ என்று முணுமுணுத்துக்கொண்டு சொன்னாள்.

பஸ்காரர் முதலில் நம்பவில்லை. பிறகு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “அப்ப நான் அவ வீட்டைத் தின்னுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேனா?”

“தெரியாம நடந்தது ஐயா.”

“அவளுக்கு? அவளுக்குத் தெரியுமா?”

“அவங்க அப்பவே எழுதிக் கொடுத்துட்டோம், போச்சுன்னு நினைச்சுத்தான் இருக்காங்க. நேத்து போனப்ப ‘அவர் வீட்டுல ஒரு ஓரமா இருக்கேன்’னாங்க.”

“சுவர் கட்டினேனே?”

“என்னைப் பார்க்கவே பிடிக்கல, அதான் மறைச்சுக் கட்டிட்டார்னு நினைச்சிருப்பாங்க. நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்.”

அவர் மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஏம்மா, நீங்களே போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்” என்றார் பஸ்காரர். அவ்வளவு பெரிய உடம்பில் குரல் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிட்டது.

“நான் பத்திரம் கொடுக்கிறவ ஐயா. பேச்சை நீங்கதான் கொடுக்கணும்.”

அவர் எழுந்தார். வீட்டுக்குள் வழியில்லாததால் தெருவைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போக வேண்டியிருந்தது. நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் அக்கா. பின்கதவைத் தட்டியதும் மெஷின் சத்தம் நின்றது. கதவு திறந்தது.



“என்ன, காலி பண்ணணுமா?” என்றாள் தையல்காரி. “ஒரு வாரம் டைம் கொடுங்க. ஆஸ்பத்திரி உறையெல்லாம் தைச்சுக் கொடுத்துட்டுப் போயிடறேன்.”

“போடி பைத்தியம்” என்றார் அவர். “உன் பாதியை உன் பேருக்கே எழுதி வைக்கணும். நாளைக்குப் பதிவு ஆபீஸுக்கு வா.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“நீ வரலேன்னா நான் ஆபரேஷன் மேசையில ஏற மாட்டேன்.”

“ஏறாதீங்க. உட்கார்ந்துக்கிட்டே பண்ணச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு அவள் விழித்தாள். “ஆபரேஷனா? என்ன ஆபரேஷன்?”

“நெஞ்சுல” என்றாள் அண்ணி.

“என்கிட்ட சொல்லணும்னு யாருக்கும் தோணலையா?”

“நீதான் முகம் கொடுத்துப் பேச மாட்டியே!” என்றார் பஸ்காரர்.

“சுவர் வழியா எப்படி முகம் கொடுக்கிறது? ஜன்னலாவது வச்சீங்களா?”

பஸ்காரர் கண் அறைக்குள் போய்விட்டது. தரையில் நின்ற கண்ணாடி, கம்பியில் கட்டின காலண்டர், செங்கல்லில் சாய்ந்திருந்த அப்பா.

“பாப்பா, அப்பாவை ஏன் கீழ வச்சிருக்கே?”

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்ட அந்தப் ‘பாப்பா’ தையல்காரியைக் கலைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “ஆணி வேணும்ல அண்ணே. யாரோட சுவர்ல யாரைக் கேட்டு அடிக்கிறது?”

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா மெல்ல நகர்ந்து சந்துக்கு வந்துவிட்டாள். உள்ளே யார் அழுதார்கள், யார் திட்டினார்கள் என்று அவள் காதில் விழுந்தது. ஆனால் அது ஜன்னலுக்கு வருகிற விஷயம் இல்லை.

மறுநாள் காலையில் மூவரும் ஒரே வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். அக்கா அலமாரியை இடுப்பால் இடித்துத் திறந்து, தானே மேசைக்கு எடுத்து வந்து அந்த விடுதலைப் பத்திரத்தை நீட்டினாள். பஸ்காரர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வாங்கிக்குங்க ஐயா. வாங்கினாத்தான் திருப்பிக் கொடுக்கலாம்.”

வாங்கிக்கொண்டார், விரல் வைத்தார். பிறகு பாதி வீட்டுக்கான தானப் பத்திரத்தைப் பதிவாளர் படித்துக் காட்டினாள். “யாரும் கட்டாயப்படுத்தாம, முழு மனசோடதானே கொடுக்கிறீங்க?”

“அடுத்த வாரம் அதைத்தான் திறந்து பார்க்கப் போறாங்களே. சந்தேகம்னா டாக்டரைக் கேட்டுக்குங்க” என்றார்.

ஒரு சாட்சி பத்திரம் எழுதுகிறவர். இன்னொரு சாட்சி யார் என்று பதிவாளர் கேட்டபோது அண்ணி முன்னால் வந்தாள். “நான்தான். அன்னைக்கு அந்த வார்த்தையை விட்டவ நான். இன்னைக்குச் சாட்சியும் நானே போடறேன்.” தையல்காரி அண்ணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தாள் பறக்காமல் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று அக்கா வேலைக்கு வரும் வழியில் ஆண்டவன் சந்நிதியில் கூடுதலாகச் சற்று நேரம் நின்றாள். கூடவே கணவனும் வந்திருந்தான். பக்கத்தில் வந்து அவனும் நின்றுகொண்டான்.

மாதக் கடைசியில் அலுவலகத்தின் பின்னால் ஒரு தகர டிரம்மில் மிச்சப் பத்திரங்களை எரித்தார்கள். மனைவிக்குத் தெரியாமல் மனை வாங்கியவருடையது அதில் இல்லை. அக்கா அவர் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தது அவர் மனைவி. அங்கே என்ன நடந்தது என்பதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து வாங்கிப் போனார்கள். அந்த அம்மாள்தான் பையைப் பிடித்திருந்தாள். தேடியும் கிடைக்காதவர்களின் தாள்கள் எரிகிறபோது அக்கா கை கூப்பி நின்றாள். புத்தகத்தில் இருப்பது இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஜன்னலில் நிழல் தட்டியது. தையல்காரி. மூக்குக் கண்ணாடியில் நூல் போய்ப் புதிய காது வந்திருந்தது. ரசீதை நீட்டினாள்.

“அண்ணனுக்கு எப்படி இருக்கு?” என்றாள் அக்கா முதலில்.

“நேத்துத்தான் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமா அதிகாரம். கட்டில் சுவரோரமா இருக்கணுமாம். நான் தைக்கிற சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருதாம்.”

அக்கா சிரித்துக்கொண்டே மைப் பெட்டியைத் திறந்து நகர்த்தினாள். “நல்லது. விரலை வைங்கம்மா. இடது பெருவிரல்.”

தையல்காரி தயங்கினாள். முந்தானைக்குள் இருந்த கையை மெதுவாக வெளியே எடுத்தாள். இடது பெருவிரலில் துணிக் கட்டு, குட்டித் தலையணைபோல உப்பியிருந்தது.

“ஐயோ, என்னாச்சு?”

“அப்பா படத்துக்கு ஆணி அடிச்சேன்” என்றாள் தையல்காரி வெட்கத்தோடு. “பழக்கம் விட்டுப்போச்சு. ரெண்டு அடி ஆணி மேல, மிச்சமெல்லாம் விரல் மேல. அந்தப் பக்கம் படுத்துக்கிட்டே அண்ணன் கத்துறார், ‘பாப்பா, ஆணி அடிக்கிறியா, விரலை அடிக்கிறியா’ன்னு. சிரிச்சா தையல் பிரிஞ்சிடும்னு அண்ணி அவர் வாயைப் பொத்துறாங்க.”

அக்கா அப்படியே ஜன்னல் கட்டையில் சாய்ந்து சிரித்தாள். சத்தம் கேட்டுப் பதிவாளர் எழுந்து வந்தாள். விரலைப் பார்த்தாள், ரசீதைப் பார்த்தாள்.

“மேடம், பெருவிரல் ஆறட்டும், அதுவரைக்கும் அலமாரியில வச்சிருக்கட்டுமா?” என்றாள் அக்கா.

“வேண்டவே வேண்டாம்” என்றாள் பதிவாளர். “ஒருநாள்கூட அங்க தங்கக் கூடாது. பக்கத்து விரலை வைக்கச் சொல்லுங்க. காரணத்தை நான் எழுதிக்கிறேன்.”

அக்கா தையல்காரியின் சுட்டுவிரலைப் பிடித்து, துணிக் கட்டின் மேல் மை படாமல் ஒற்றி, தாளில் மெல்ல உருட்டி எடுத்தாள். பத்திரத்தைக் கையில் கொடுத்தாள்.

தையல்காரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி வைத்தவள், திரும்பி வந்தாள். “அம்மா, காலண்டருக்கும் கண்ணாடிக்கும் இன்னும் ஆணி அடிக்கணும். உங்க வீட்டுக்காரர் சுவர் வேலைக்காரர்னு அன்னைக்குப் பதிவுக்கு வந்தப்ப சொன்னீங்களே, ஒரு நாள் அனுப்பி வைப்பீங்களா?”

“வருவார். எங்க வீட்டுச் சுவர்லதான் அவருக்கு ஆணி அடிக்க வழியில்ல. உங்க சுவர்லயாவது ஆசை தீர அடிக்கட்டும்” என்றாள் அலமாரியக்கா.